மாத்திரையைக் கூட்டுமுன் நாடியைப் பாருங்கள்

மலையகத்தில் வலிப்புக்கு கிளினிக் நடத்தும் டொக்டர்மாருக்கும், தோட்ட டிஸ்பென்சரிகளில் இருக்கும் வைத்திய உதவியாளர்களுக்கும் வணக்கம்.

என் அப்பாயிக்கு 63 வயது. ஓய்வு பெற்றும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போவார். கார்பமாஸெபின் தொடங்கியபின் வலிப்பு அடங்கியிருந்தது. இந்த வருடம் மலையில் இரண்டு தடவை விழுந்தார். வலிப்பு திரும்பிவிட்டது என்று கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டினார்கள். விழுவதும் கூடியது.

அடுத்த தடவை பீலியடியில் நான் பக்கத்தில் நின்றேன். முகம் வெளிறி, துணி நழுவுவதுபோல் சரிந்தார். கைகால் இழுக்கவில்லை, நாக்குக் கடிபடவில்லை. அரை நிமிடத்தில் கண் திறந்து, "வாளி நெறைஞ்சிருச்சா?" என்றார். வலிப்பு வந்த நாட்களில் பொழுது சாயும்வரை எங்களையே அடையாளம் தெரியாது. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நிமிடத்துக்கு 38.

டவுனில் ஈ.சீ.ஜீ. எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பு இடையில் தடைபட்டிருந்தது. மூளையில் சோடியம் போகும் வழியை அடைத்து வலிப்பை அடக்கும் மருந்து, இதயத்திலும் அதே வேலையைச் செய்துவிடலாமாம். அரிதுதான். ஆனால் வயதானவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வழக்கமான அளவிலேயே வரலாம். வார்டில் வைத்து மருந்தை மாற்றினார்கள். இப்போது நாடி 70க்கு மேல்.

இதேபோல வேலை செய்யும் இன்னொரு வலிப்பு மருந்தான லமோட்ரிஜின் பற்றியும் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021இல் இதய நோயாளிகளுக்காக எச்சரித்தது. பெனிடோயின் என்ற வலிப்பு மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருகிற எங்களுக்குத்தான் தெரியாது.

கேட்பது இதுதான். வயதானவர்களுக்கும் இதய நோயுள்ளவர்களுக்கும் இந்த மருந்துகளைத் தொடங்குமுன் ஒரு ஈ.சீ.ஜீ. எடுங்கள். மாத்திரை குடிப்பவர் மயங்கி விழுந்தால், அளவைக் கூட்டுமுன் நாடியைப் பிடியுங்கள். இதயக் கோளாறால் வரும் மயக்கத்திலும் கைகால் உதறலாம் என்பதால், பார்த்தவர் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம். வேறென்ன மருந்து குடிக்கிறார் என்றும் கேளுங்கள். இருமலுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின்கூட இரத்தத்தில் கார்பமாஸெபினை ஏற்றிவிடும்.

இன்னொன்று. அப்பாயி கதை கேட்டு, பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா மகனின் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்து என்று நான் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லி எடுபடவில்லை. கிளினிக் நர்ஸ் சொன்ன பிறகே கேட்டார். அதனால் இதை நீங்களே சொல்லவேண்டும்.

அப்பாயியின் கொப்பியில் பேனையால் ஒரு கோடு கிழித்து, மேலே 'நாடி' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த கிளினிக்கில் அதைத்தான் நீட்டுவோம்.

இப்படிக்கு,
அப்பாயியின் பேத்தி