‘குடும்பக் கதைதானே’ என்று தள்ளிவைக்கும் நடுவர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்

வணக்கம்.

போன மாதம் என் நாவல் திரும்பி வந்தது. எழுதுகிற எல்லோருக்கும் நடப்பதுதான், அதில் வருத்தம் இல்லை. உறுத்தியது கூடவே வந்த இரண்டு வரி: “நடை நன்றாக இருக்கிறது, ஆனால் குடும்பக் கதை. சமூகப் பார்வையோடு வேறு ஏதாவது எழுதினால் அனுப்புங்கள்.” கிட்டத்தட்ட இதே பதிலை வாங்கிய பெண்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து பேர் இருக்கிறார்கள், அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அந்த நாவல் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் தொடங்குகிறது. வருடம் 1995. அப்பாவின் காரியம் முடிந்த மறுமாதம் தம்பிகள் இருவரும் அக்காவை வாடகைக் கார் பிடித்து அழைத்து வருகிறார்கள், வழியில் காபி வாங்கித் தருகிறார்கள், வெயிலில் நிற்காதே என்று நிழலில் உட்கார வைக்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் அக்காவின் பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பத்திர எழுத்தர் மளமளவென்று வாசித்து முடிக்கிறார். அவள் கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, விரலில் ஒட்டிய மையை முந்தானையின் உள்பக்கத்தில் துடைத்துக்கொள்கிறாள், வீட்டுக்காரர் கண்ணில் படக் கூடாதென்று.

அவளுக்குக் கல்யாணமானது 1992இல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது, அன்றைக்குக் கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்கு அது பொருந்தும், அவளுக்கும்தான். (நாடு முழுமைக்கும் வர 2005 ஆனது.) அப்புறம் ஏன் எழுதிக் கொடுக்கிறாள்? கொடுக்காவிட்டால் தீபாவளிக்கு யாரும் வந்து அழைக்க மாட்டார்கள், பிள்ளைக்குக் காது குத்தும்போது உட்கார வைக்க மாமன் மடி இருக்காது, புருஷனோடு சண்டை வந்தால் ஓர் இரவு போய்த் தங்கப் பிறந்த வீடு இருக்காது. இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை, கதையில்தான் எழுத முடியும். சொத்து, சட்டம், சாதிசனத்தின் பேச்சு, பயம் எல்லாம் ஒரே கையெழுத்தில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சமூகப் பார்வை வேண்டும் உங்களுக்கு?

கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள் முஸ்லிம் வீடுகளுக்குள், கணவன் மனைவிக்கும் தாய் மகளுக்கும் நடுவில் நடப்பவை. 2022இல் அதே பரிசை வாங்கிய கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலில், கணவர் இறந்தபின் படுக்கையை விட்டு எழ மறுக்கும் 80 வயது அம்மாதான் நாயகி. நம்மிடமே பாருங்கள், குழந்தையில்லாத ஒரு தம்பதியைப் பற்றிய நாவலுக்காகப் பெருமாள்முருகன் 2015இல் எழுத்தையே விடுவதாக அறிவிக்க நேர்ந்தது, 2016இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் திரும்பினார். வீட்டுக்குள் நடக்கும் விஷயம் சின்னது என்றால் ஊர் அப்படிக் கொதித்திருக்குமா?

மோசமான குடும்பக் கதைகள் ஏராளம், ஒத்துக்கொள்கிறேன். மாமியார் கொடுமைப்படுத்துவார், மருமகள் பொறுத்துப் போவாள், கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் அழுது திருந்துவார்கள். அவற்றைத் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் பாத்திரம் நிற்கவில்லை, முடிவு பொய்யாக இருக்கிறது என்று உண்மையான காரணத்தை எழுதுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இதே பாகப்பிரிவினையை ஓர் ஆண் எழுதினால் மண்ணின் கதை, தலைமுறைகளின் கதை என்று அட்டையில் போடுகிறீர்கள். நாங்கள் எழுதினால் குடும்பக் கதை. ஒரே வயலை வரப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் நிலம் மாறிவிடுமா?

அடுத்த முறை யாருக்காவது பதில் எழுதும்போது அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள். சொல்வதற்கு வேறு குறை எதுவும் இல்லையென்றால், இன்னொரு தடவை படியுங்கள்.

என் நாவலை உங்களில் மூன்று பேருக்கு மறுபடி அனுப்பியிருக்கிறேன். முதல் அத்தியாயம் 14 பக்கம்தான். அந்த அக்கா ஏன் மையை உள்பக்கமாகத் துடைத்தாள் என்று படிக்கும்போது உங்களுக்குப் புரிந்ததா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள், போதும்.

அன்புடன்,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் ஒருத்தி