நடைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன வருடத்து அறிக்கை நீண்டுவிட்டது என்று பலர் குறைப்பட்டீர்கள். ஆகவே வரவு செலவைப் பொருளாளரிடமே விட்டுவிட்டேன். நடைகளின் பட்டியல் வாசல் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் பேச நினைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு இரும்பு கேட்டைப் பற்றி. அதற்கு வருமுன், புதிதாகச் சேர்ந்த வெளியூர் உறுப்பினர்களுக்காக நம் ஊர்ப்பக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நாம் நடப்பது தென்மேற்கு ஸ்பெயினில், சியெரா மொரேனா மலைத்தொடரின் மேற்குக் கோடியில், வெல்வா மாநிலப்பகுதியின் வடக்கே. அராசேனா மலைகளும் அரோச்சே சிகரங்களும் 1989-இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதற்குள் 28 ஊராட்சிகள் இருக்கின்றன. 2002-இல் யுனெஸ்கோ இந்த ஓக் மேய்ச்சல் நிலங்களை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. 'தெஹேசா' என்று நாம் சொல்லும் இந்த நிலத்தைக் காடு என்று எழுதாதீர்கள் என்று போன வருடமே கேட்டுக்கொண்டேன். காட்டை விலக்கி விலக்கி, என்சினா என்ற பசுமைமாறா ஓக்கையும் தக்கை ஓக்கையும் மட்டும் இடைவெளி விட்டு நிறுத்தி, கீழே புல் வளரவிட்டு, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் பராமரித்த தோப்பு இது. கவாத்து செய்ய ஆள் வராமல் போனால் சில வருடங்களில் புதர் மூடிவிடும். பாதைகளின் கதையும் இதேதான்.

பாதைகளில் தீட்டியிருக்கும் பெயிண்ட் அடையாளங்களைப் பற்றி இன்னும் குழப்பம் இருக்கிறது. வெள்ளையும் சிவப்பும் நெடும்பாதை. 50 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளையும் மஞ்சளும் 10 முதல் 50 வரை. வெள்ளையும் பச்சையும் 10-க்குள். இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். டிசம்பரில் வந்த புதியவர் ஒருவர் அதைப் 'புதையல் இங்கே' என்று எடுத்துக்கொண்டு, ஒரு ஆட்டுப்பட்டி வரை போய், மூன்று மாஸ்தின் காவல் நாய்களைச் சந்தித்துத் திரும்பினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாய்களுக்கும்.

அக்டோபரும் நவம்பரும் நன்றாகவே போயின. கஸ்தான்யோ தெல் ரொப்லேதோவைச் சுற்றியுள்ள செஸ்ட்நட் தோப்புகளில் நடந்தோம். பாதையில் விழுந்து கிடக்கும் கொட்டைக்கும் சொந்தக்காரர் உண்டு என்பதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது; வாயில் ஒன்று போட்டுக்கொள்வது வேறு, பையை விரிப்பது வேறு. டிசம்பர் 7 இரவு அராசேனாவில் பிள்ளைகள் செஸ்ட்நட் இலைகளைக் குச்சியில் கோத்துக் கொளுத்திச் சுழற்றுவதைப் பார்க்கச் சிறுவர் குழுவோடு போனோம். பொசுங்கியது ஒரு கம்பளித் தொப்பி மட்டுமே.

மார்ச் மாதத்தை எல்லோரும் நினைவில் வைத்திருப்பீர்கள். ஹானா, கொன்ராத், லாரன்ஸ், மார்த்தின்யோ என்று புயல்கள் வரிசையாக வந்தன. வறட்சி தீர்ந்தது என்று ஊரே மகிழ்ந்தது, நானும்தான். ஆனால் லினாரெஸ் தெ லா சியெராவிலிருந்து லோஸ் மத்ரொன்யேரோஸ் வழியாக அலாஹர் போகும் பாதையில், சாந்தில்லாமல் அடுக்கிய பழைய கல்சுவர் ஓரிடத்தில் சரிந்து வழியை அடைத்தது. இந்தச் சுவர் அடுக்கும் கலையையும் 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் சேர்த்தவர்கள் யாரும் கல் தூக்க வரவில்லை. நம் உறுப்பினர்கள் ஆறு பேர் இரண்டு சனிக்கிழமைகளில் தூக்கினார்கள். பெரிய கல் கீழே, நீளமான கல் குறுக்கே, சில்லு இடுக்கில். மழைநீர் இடுக்குகள் வழியே வடிவதால்தான் இந்தச் சுவர் நிற்கிறது. சிமெண்ட் பூசலாமே என்று கேட்டவரிடம் அடுத்த மழை பதில் சொல்லும்.

மழையோடு வந்த இன்னொரு கவலை சேறு. என்சினாவும் தக்கை ஓக்கும் பட்டுப்போகும் 'லா சேக்கா' நோய்க்கு முக்கியக் காரணம் பைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற வேர் அழுகல் நுண்ணுயிரி. ஈர மண்ணோடு அது பரவும்; நம் காலணியில் ஒட்டிய மண்ணோடும் பரவும். எனவே ஏப்ரலிலிருந்து நடை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு வாளியும் பிரஷும் வைக்கிறோம். 'பன்றிகள் காலைக் கழுவிக்கொண்டா போகின்றன?' என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயம். ஆனால் இந்தத் தோப்புகளில் மேயும் பன்றி ஒரு பண்ணைக்குள் சுற்றுகிறது. நாம் ஒரே நாளில் ஐந்து பண்ணைகளின் மண்ணைச் சுமந்து போகிறோம்.

ஏப்ரல் 28, திங்கட்கிழமை. ஓய்வுபெற்றோர் குழு அலாஹரில் கிளம்பி எல் கலபசீனோ வழியாகக் கஸ்தான்யோவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிற்பகல் 12:33-க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த தீபகற்பம் முழுவதும் மின்சாரம் போனது அவர்களுக்குத் தெரியாது. மேலே ஊருக்குள் நுழைந்து காபி கேட்டபோதுதான் தெரிந்தது. இயந்திரம் ஓடவில்லை, கார்டு எடுக்கவில்லை, பத்துப் பேரில் ரொக்கம் வைத்திருந்தவர் ஒருவர். அவர்தான் எல்லோருக்கும் குளிர்ந்த பீர் வாங்கித் தந்தவர்; இன்னும் மூன்று பேர் அவருக்குப் பாக்கி. வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைக்காதவர்கள் திரும்பும்போது மரத்திலிருந்த வெள்ளை மஞ்சளைப் பார்த்தே இறங்கினார்கள்.

இனி அந்தக் கேட்.

நம் ஊரிலிருந்து ஓடைக்கரைப் பழைய ஆலைக்குப் போகும் பாதையின் நடுவில் ஜனவரியில் ஒரு இரும்பு கேட் முளைத்தது. கேட் முளைப்பது இங்கே புதிதல்ல; கால்நடை இருக்கும் இடத்தில் கேட் இருக்கத்தான் செய்யும். திறந்தால் மூடு, மூடியிருந்தால் மூடியே விடு என்பது நம் முதல் விதி. ஆனால் இதில் பூட்டு தொங்குகிறது. நில உரிமையாளரிடம் நானும் தலைவரும் போய்ப் பேசினோம். அவர் பக்கமும் நியாயம் இருப்பதை மறைக்கக் கூடாது. நவம்பரிலிருந்து பன்றிகள் ஓக் கொட்டை மேயும் காலம். ஒவ்வொன்றும் குறைந்தது 60 நாள் மேய்ந்து 46 கிலோ கூடினால்தான் அதன் தொடைக்கறிக்கு 'பெயோத்தா' என்ற பெயர் கிடைக்கும். அந்த நேரத்தில் யாரோ நடைக்காரர் கேட்டைத் திறந்துபோட்டுப் போனதில் பன்றிகள் சாலைக்கு வந்துவிட்டன. அது நம் உறுப்பினர் இல்லை என்றே நம்புகிறேன். சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனாலும் பாதை பாதைதான். இங்கே என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அதை மந்தைப்பாதை என்று நினைத்து முதல் மனுவை மாநில அரசு அலுவலகத்துக்கு அனுப்பினேன். மந்தைப்பாதைகள் 1995-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டத்தின் கீழ் வருபவை: மிகப் பெரியது 75 மீட்டர் அகலம் வரை, அடுத்தது 37.5, அதற்கடுத்தது 20. ஆடுமாடு போகும் அந்த வழிகளை விற்கவும் முடியாது, அனுபவ பாத்தியதை கோரவும் முடியாது. அவற்றில் நடக்கும் உரிமையும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் ஆலைப்பாதையோ இரண்டு கழுதைகள் உரசாமல் போக முடியாத ஒடுக்கம். அது ஊராட்சிக்குச் சொந்தமான வழி. நான்கு மாதம் வீண்.

மே மாதம் ஊராட்சிக்கு மறுமனு கொடுத்தோம். நில அளவைப் பதிவேட்டில் அந்தப் பாதைக்கு 9000 வரிசையில் எண் இருக்கிறது. அந்த வரிசை பொது வழிகளுக்கும் ஓடைகளுக்கும் உரியது, நம் மொழியில் சொன்னால் புறம்போக்கு. பழைய ஐம்பதாயிர அளவு நிலப்படத்தின் முதல் பதிப்பிலும் கோடு தெளிவாக இருக்கிறது. இரண்டையும் இணைத்தோம். ஆனால் பதிவேடும் படமும் மட்டும் போதாது, ஊரார் அதைப் பொது வழியாகவே பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார் நமக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர்.

சாட்சி நம்மிடம் இருந்தார். சிறுவயதில் கோவேறு கழுதைமேல் செஸ்ட்நட் மூட்டை ஏற்றி ஆலைக்குப் போனதை ஒவ்வொரு நடையிலும் சொல்வார். எந்த வளைவில் கழுதை அடம்பிடிக்கும் என்பது வரை. நாங்கள் சலித்துக்கொண்டே கேட்டோம். எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிப்ரவரியில் நம் மூத்த உறுப்பினரான அவர் காலமானார். இந்தப் பொதுக்குழு அவருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊராட்சியிலிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரு வரிப் பதில் ஜூனில் வந்தது. அதற்குப் பின் இல்லை.

கோடையில் வழக்கம்போல நடை கிடையாது. ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை தீ அபாயக் காலம். 2020 ஆகஸ்டில் அல்மொனாஸ்தர் பக்கம் பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இந்த ஆகஸ்டில் கலீசியாவும் கஸ்தீயா லெயோனும் எக்ஸ்த்ரெமதுராவும் எரிந்தபோது நமக்குத் தூக்கம் வரவில்லை. இந்த முறை நெருப்பு நம் பக்கம் வரவில்லை. தக்கை உரிப்பவர்கள் மட்டும் கோடரியோடு வந்து போனார்கள். உரித்த சிவந்த தண்டில் '5' என்று எழுதியிருப்பது என்ன என்று கேட்கிறீர்கள். உரித்த வருடத்தின் கடைசி எண். ஒன்பது வருடமாவது விட்டுத்தான் மறுபடி உரிப்பார்கள், அதாவது 2034-க்கு முன் அந்த மரத்தில் கோடரி படாது.

செயற்குழுவில் புதிய வட்டப்பாதை ஒன்றுக்குப் பலகைகள் வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. என் கருத்து வேறு. குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். இருப்பதை இழந்துகொண்டு புதியதற்குப் பலகை நடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பணத்தில் பெரிய அளவில் நிலப்படம் அச்சிட்டு, ஊரில் எண்பதைத் தாண்டியவர்கள் வீட்டுக்கு இருவர் இருவராகப் போவோம். அவர்கள் நடந்த வழியை அவர்கள் விரலாலேயே காட்டச் சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்குவோம். கையோடு கொஞ்சம் இனிப்பும் கொண்டுபோங்கள். இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆலைப்பாதையில் கேட் வரையுள்ள முட்புதரை வெட்டுகிறோம். கேட்டைத் தொட மாட்டோம். கையுறை அவசியம். அரிவாள் இல்லாதவர்களுக்குச் சங்கத்தில் நான்கு இருக்கின்றன. ஒன்றுக்குப் பிடி ஆடுகிறது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

செயலாளர்