மிதக்கும் எல்.என்.ஜி. முனையம்: கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்

எரிசக்தித் துறையிலும் துறைமுகங்களிலும் இருந்துகொண்டு, மிதக்கும் எல்.என்.ஜி. (குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) இறக்குமதி முனையம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறவர்களுக்கு,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதன் வரைவை வெளியிடுங்கள். முழுவதையும் வெளியிட முடியாது என்றால் ஒரு பகுதியையாவது வெளியிடுங்கள்: எரிவாயு ஓடாத நாட்களில் யார், யாருக்கு, எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்கிற பகுதியை. இதுதான் என் கோரிக்கை. ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிதக்கும் முனையமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தரையில் பெரிய தொட்டிகளோடு ஒரு முனையம் கட்டி முடிக்க நாலைந்து வருடமாவது பிடிக்கும். மிதக்கும் முனையம் என்பது ஒரு கப்பல், அதன் விஷயம் வேறு. மைனஸ் 162 டிகிரி குளிரில் திரவமாக வருகிற எரிவாயுவை வாங்கித் தன்னிடமே சேமித்து வைத்து, தானே சூடாக்கி, மறுபடி வாயுவாக்கி, குழாய் வழியாகக் கரைக்கு அனுப்பிவிடும். கப்பல் நிறுத்தும் மேடையும் குழாயும் தயாராக இருந்தால் கப்பல் வந்து நின்ற சில வாரங்களில் எரிவாயு ஓடத் தொடங்கிவிடலாம். ரஷ்ய எரிவாயு நின்றுபோன 2022ல் ஜெர்மனி இதைத்தான் செய்தது. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் 200 நாட்களுக்குள் வேலையை முடித்து, டிசம்பரில் ஹோக் எஸ்பெரான்சா என்ற கப்பலை நிறுத்தித் திறப்பு விழாவும் நடத்திவிட்டார்கள். லிதுவேனியா அதற்கும் முன்னாலேயே, 2014ல், கிளைபேடாவில் ஒரு கப்பலை நிறுத்தியது. அதுவரை அந்த நாட்டுக்கு எரிவாயு விற்க ஒரே ஒரு ஆள்தான், ரஷ்யாவின் காஸ்ப்ரோம். இன்னொரு வழி இருக்கிறது என்று ஆனதும் பேரம் பேசத் தெம்பு வந்தது, விலையும் குறைந்தது. 2022 ஏப்ரலில் ரஷ்ய எரிவாயுவே வேண்டாம் என்று அவர்களால் நிறுத்த முடிந்தது என்றால் அதற்கு அந்தக் கப்பல் பெரிய காரணம். அந்தக் கப்பலுக்கு 'இண்டிபெண்டன்ஸ்' என்று பெயர் வைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆக, வேகம் உண்மை. ஆனால் அந்த வேகத்தைக் காட்டித்தான் ஒப்பந்தத்தையும் அவசரம் அவசரமாக முடிக்கிறார்கள். கப்பலைக் கொண்டுவருவது சில மாத வேலை, அதற்காகப் போடும் கையெழுத்தோ பத்து, பதினைந்து வருடத்துக்கு. கப்பலின் நாள் வாடகை ஒரு லட்சம் டாலருக்கு மேல் போவது இந்தத் தொழிலில் சகஜம், எரிவாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு மேல் எரிவாயு விற்கிறவரோடு இன்னொரு ஒப்பந்தம், அதில் 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம்' என்று ஒரு நிபந்தனை. இரண்டு மீட்டரும் ஒரே நேரத்தில் ஓடும், இரண்டுக்கும் கடைசியில் பணம் கட்டப்போவது மின்கட்டண ரசீது வருகிற வீடுகள்.

எரிவாயு ஓடாத நாட்கள் எப்போதோ ஒருமுறை வருகிறவை அல்ல. அதுவும் ஒரே காரணத்தால் வருவதில்லை. முதல் காரணம் விலை. ஆசியச் சந்தையில் உடனடிக் கொள்முதல் விலை 2020ல் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பத்து லட்சம் பிடியூவுக்கு (வெப்பத்தை அளக்கும் அலகு), 2 டாலருக்கும் கீழே போனது. 2022ல் அதே அளவு 70 டாலரைத் தாண்டியது. பாகிஸ்தானில் போர்ட் காசிமில் 2015லும் 2017லும் இரண்டு மிதக்கும் முனையங்கள் வந்திருந்தன. 2022 ஜூலையில் அவர்கள் 10 கப்பல் எரிவாயுவுக்கு டெண்டர் விட்டார்கள், ஒருவர்கூட விற்க முன்வரவில்லை. இருந்த சரக்கையெல்லாம் ஐரோப்பா அதிக விலை கொடுத்து இழுத்துக்கொண்டது. முனையம் இருந்தது, கப்பல் நின்றது, எரிவாயுதான் இல்லை. ஊரெல்லாம் மின்வெட்டு. முனையம் கட்டிவிட்டாலே எரிவாயு வந்துவிடும் என்று உங்கள் திட்ட அறிக்கை சொல்லுமானால், அந்தப் பக்கத்தில் 2022 பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தயவுசெய்து பாருங்கள்.

இரண்டாவது, தேவையே இல்லாமல் போவது. எகிப்து 2015ல் இரண்டு கப்பல்களை வரவழைத்தது. அதே வருடம் அவர்களுடைய கடலிலேயே சோர் என்ற பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது, 2018ல் இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் உள்நாட்டு உற்பத்தி இறங்கத் தொடங்கியது, 2024ல் ஐன் சோக்னாவில் மறுபடியும் ஒரு வாடகைக் கப்பல். பத்து வருடத்துக்குள் இத்தனை திருப்பம். இதைக் கேட்டுவிட்டு, 'பார்த்தீர்களா, கப்பலாக இருந்ததால்தான் திருப்பி அனுப்ப முடிந்தது' என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் பாதியில் திருப்பி அனுப்புவதற்கு என்ன விலை, வேறு நாட்டுக்கு உள்வாடகைக்கு விட நமக்கு உரிமை இருக்கிறதா, கடைசியில் நாமே வாங்கிக்கொள்ளலாமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. கப்பல் மிதக்கிறது என்பதால் மட்டும் அவை தானாக வந்துவிடாது. லிதுவேனியாவின் ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ளும் உரிமை இருந்தது, பத்து வருடம் வாடகைக்கு ஓட்டிவிட்டு 2024 கடைசியில் அந்தக் கப்பலைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. இந்தியாவுக்கு வந்த முதல் மிதக்கும் முனையக் கப்பல் ஹோக் ஜயன்ட், 2021ல் மகாராஷ்டிராவின் ஜெய்கருக்கு வந்தது. வணிக ரீதியாக எரிவாயு ஓடத் தொடங்கும் முன்பே ஒப்பந்தம் முறிந்து, கப்பல் பிரேசில் பக்கம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது, கடல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்ட அறிக்கைகளில் வருகிற அழகான படங்களில் கடல் எப்போதும் அசையாமல்தான் இருக்கிறது. எரிவாயு கொண்டுவரும் கப்பல், ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், அதே அளவுள்ள முனையக் கப்பலின் பக்கத்தில் வந்து ஒட்டி நிற்கிறது. நடுவில் பிரம்மாண்டமான ரப்பர் மிதவைகள், அலை வரும்போதெல்லாம் நசுங்கி விரிகின்றன. இரண்டுக்கும் இடையே குழாய்களைப் பொருத்தி, நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றி, மெல்ல மெல்லக் குளிரவைக்கிறார்கள். குழாய்களின் மேல் வெள்ளையாகப் பனி பூக்கும். இறக்கும் நேரம் முழுவதும் கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் திரைபோல வழிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அந்தக் குளிர்ந்த திரவம் கசிந்து சாதாரண எஃகின் மேல் பட்டால் எஃகு கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும். ஒரு நாளோ அதற்கு மேலோ நடக்கிற வேலை இது. அலை ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு மேல் எழும்பினால் பல இடங்களில் இதை நிறுத்திவிட வேண்டியதுதான்.

பங்களாதேஷின் மொஹேஷ்காளியில் இப்படி இரண்டு கப்பல்கள், 2018லும் 2019லும் வந்தவை. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 50 கோடி கன அடி அனுப்பக்கூடியது. 2023 மே மாதம் மோக்கா புயல் வந்தபோது இரண்டிலிருந்தும் எரிவாயு நின்றது. 2024 மே மாதம் ரெமல் புயலில், பல நூறு டன் எடையுள்ள ஒரு மிதவை மேடை அறுத்துக்கொண்டு வந்து ஒரு கப்பலின் மேல் மோதியது. பழுது பார்க்க சிங்கப்பூர் வரை போக வேண்டியதாயிற்று, மாதக்கணக்கில் நாட்டின் எல்.என்.ஜி. இறக்குமதித் திறனில் பாதி இல்லை. அதே வருடம் ஜனவரியில் புயலே இல்லாமல் இன்னொன்று நடந்தது: பராமரிப்புக்குப் போய்த் திரும்பிய மற்ற கப்பலில் கோளாறு வர, எல்.என்.ஜி.யை மட்டுமே நம்பியிருந்த சிட்டகாங் நகரத்தில் அடுப்பு எரியவில்லை. இது ஒரு நாட்டைக் குறை சொல்வதற்காக அல்ல. இரண்டே கப்பல்களின் மேல் ஒரு நாட்டின் அடுப்பையும் உரத் தொழிற்சாலைகளையும் வைத்தால் யாருக்கும் இதுதான் நடக்கும். கப்பல் டிரை டாக் (நீரிலிருந்து வெளியே எடுத்துப் பராமரிக்கும் தளம்) போகும் மாதங்களில் மாற்றுக் கப்பல் தருவது யார் பொறுப்பு? புயலுக்காக விலகிப்போன நாட்களுக்கு வாடகை உண்டா? இந்த இரண்டு கேள்விக்கும் வரைவில் நேரடியான பதில் இல்லை என்றால் அந்த வரைவை மேசையிலிருந்து எடுக்கவே கூடாது.

கப்பல் சும்மா நிற்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. எவ்வளவுதான் காப்பு போட்டாலும் உள்ளே இருக்கும் திரவம் ஒரு நாளைக்குச் சுமார் 0.1 சதவீதம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 1,70,000 கன மீட்டர் கொள்ளும் கப்பல் நிறைந்திருந்தால் அது 170 கன மீட்டர் திரவம், வாயுவாக விரிந்தால் ஒரு லட்சம் கன மீட்டர். அதைக் குழாயில் அனுப்ப வேண்டும், அல்லது கப்பல் எஞ்சினில் எரிக்க வேண்டும், அல்லது மறுபடி திரவமாக்க வேண்டும். அந்த இழப்பு யார் கணக்கில் எழுதப்படும் என்பதும் அதே பகுதியில் இருக்க வேண்டிய ஒரு வரி.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அந்தக் கடலில் தொழில் செய்கிறவர்களையும் சொல்லாமல் விட முடியாது. திரவத்தைச் சூடாக்க மலிவான வழி, கடல்நீரை இழுத்து, அதன் வெப்பத்தை எடுத்துக்கொண்டு, முன்பிருந்ததைவிட ஏழெட்டு டிகிரி வரை குளிர்ந்த நீராகத் திருப்பி விடுவது. மணிக்குப் பல ஆயிரம் கன மீட்டர் நீர். குழாய்களில் சிப்பியும் பாசியும் படியாமல் இருக்க அதில் குளோரின் சேர்ப்பார்கள், நீரோடு இழுபடுகிற மீன்முட்டையும் குஞ்சும் பிழைப்பது கஷ்டம். இன்னொரு முறையில் நீரைத் தொடுவதில்லை, ஆனால் கொண்டுவந்த எரிவாயுவிலேயே ஒன்றிரண்டு சதவீதத்தை எரித்துச் சூடாக்க வேண்டும். எந்த முறை என்பதைப் பெரும்பாலும் செலவுதான் தீர்மானிக்கிறது, ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் மீனவர்களுக்கே தெரியவருகிறது. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் குளோரினை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் விடாமல் போராடின. அதே ஊருக்கு அடுத்து வந்த கப்பலில் குளோரினுக்குப் பதிலாக அல்ட்ராசவுண்ட் முறையை வைத்தார்கள். வேறு வழி இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைக் காட்டுங்கள். கப்பலைச் சுற்றி மீன்பிடிப் படகுகள் வரக்கூடாது என்று ஒரு பாதுகாப்பு வளையம் போடுவீர்கள். அது பாதுகாப்புக்குத் தேவைதான், மறுக்கவில்லை. அந்த வளையத்துக்குள் வருகிற மீன்பிடி இடம் யாருடையது, இத்தனை வருடத்துக்கு அவர்களுக்கு என்ன இழப்பீடு என்பதைத் திட்டச் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

வணிக ரகசியம் என்று பதில் வரும் என்று தெரியும். விற்பவரின் லாப விகிதத்தையோ கப்பல் முதலாளியின் கடன் விவரத்தையோ நான் கேட்கவில்லை. மறைக்க வேண்டிய எண்கள் இருந்தால் அந்த எண்களை மட்டும் மறையுங்கள். குறைந்தபட்ச வாடகை, விலகும் நிபந்தனை, புயல் நாட்களின் கணக்கு, மாற்றுக் கப்பல், உள்வாடகை உரிமை, சூடாக்கும் முறை, இவையெல்லாம் மக்கள் பணமும் மக்கள் கடலும் சம்பந்தப்பட்டவை. கையெழுத்துக்கு 60 நாள் முன்னால் இவற்றை உள்ளூர் மொழியில் வெளியிட்டு, கருத்துக் கேட்புக் கூட்டத்தை மீனவர்கள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வையுங்கள். தரை முனையத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்குச் சில வருடங்கள் மிச்சமாகின்றன, அதில் இரண்டு மாதம்தான் கேட்கிறேன்.

வரைவு எப்போது வெளியாகும் என்று ஒரு தேதியோடு பதில் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
மின்கட்டணம் கட்டும் ஒரு குடிமகன்