செயலாளரின் ஆண்டறிக்கை: குற்றத்தால் பாதிக்கப்பட்டோரும் நட்டஈடும்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, தோட்டப் பிரிவுகளிலிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களே,

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை வழமைபோல் நடந்தது. இவ்வறிக்கையின் பெரும்பகுதி, சங்கத்துக்கு அதிகம் வேலை வைத்த நட்டஈட்டு விண்ணப்பங்களைப் பற்றியது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் தரும் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக, இலங்கையில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கான தேசிய அதிகாரசபை கொழும்பு மாவட்டத்தில் இயங்குகிறது. நட்டஈட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குற்றவாளி செலுத்துமாறு நீதிமன்றம் கட்டளையிடுவது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 17ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. மற்றது அதிகாரசபையிடம் விண்ணப்பிப்பது. எதிராளி பிடிபடாவிட்டாலும், தண்டிக்கப்படாவிட்டாலும் ஒருவர் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற நிலையை இழப்பதில்லை. "வழக்கு தோற்றுவிட்டது, இனி என்ன" என்று கோப்பைக் கட்டி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இழப்பீட்டுக்கான அலுவலகம் வேறு. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி யுத்தம், அரசியல் அமைதியின்மை, கலவரம் போன்றவற்றால் பாதிக்கப்பட்டோருக்கானது அது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், நடந்த வெட்டுக்குத்துக்கு அங்கே மனுப்போட்டால் மாதங்கள்தான் வீணாகும்.

ஆனால் விண்ணப்பம் தோற்கும் இடம் பெரும்பாலும் கொழும்பு இல்லை. குற்றம் நடந்த முதல் இரண்டு நாட்களிலேயே அது தோற்றுவிடுகிறது.

பொலிஸ் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்படுகிறது; சொன்னவர் புரியாமல் கையெழுத்து வைக்கிறார். ‘கத்தியால் வெட்டினான்’ என்று சொன்னது ‘அடித்தான்’ என்று பதிவாகலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் தொடர்பாட உரிமை தருகிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால் வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்டபின்தான் கையெழுத்து. திகதி, புத்தக இலக்கம், பக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பிரதி எடுக்க இவை இல்லாமல் முடியாது.

அடுத்தது காயம். தோட்ட டிஸ்பென்சரியில் கட்டுப்போட்டுத் திரும்புவோர் பலர். அங்கே தரும் துண்டு சட்ட மருத்துவச் சான்றாகாது. பொலிஸார் தரும் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவத்துடன் அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நேரே வைத்தியசாலைக்குப் போனவர் அங்குள்ள பொலிஸ் காவலரணில் சொல்லலாம். எலும்போ பல்லோ முறிந்தால் அது கடுங்காயம். அறிக்கையில் அது விடுபட்டால் வழக்கின் எடையே மாறிவிடும். ஒரு வாரம் கழித்துக் காட்டினால் வீக்கமும் வடுவும் வேறு கதை சொல்லும்.

மூன்றாவது, ‘சமாதானம்’. கோயில் முன்றலிலோ தோட்டக் காரியாலயத்திலோ பேசி முடித்து, மருந்துச் செலவை வாங்கிக்கொண்டு கடிதம் எழுதிவிடுகிறார்கள். சிறு வழக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படியான இணக்க சபைக்கும் போகலாம். இணங்குவது அவரவர் விருப்பம். ஆனால் தையல் பிரிப்பு, கிளினிக், வேலை இழப்பு எல்லாம் கணக்கிடப்படும் முன் கையெழுத்து வைக்கக் கூடாது. பாலியல் குற்றத்தில் சமாதானப் பேச்சுக்கே இடமில்லை என்பது நிர்வாக சபையின் நிலைப்பாடு. தண்டனைச் சட்டக்கோவையின் 364ஆம் பிரிவு, 1995 திருத்தத்தின் பின், வன்புணர்வுக் குற்றவாளி நட்டஈடு செலுத்தவும் கட்டளையிட வைக்கிறது. பிள்ளை சம்பந்தப்பட்டால் 1929, பெண் என்றால் 1938 ஆகிய இலக்கங்களுக்கு அழைக்கவும்.

இழப்பைக் காட்ட ரசீதுகள் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கு எத்தனை ‘பேர்’ (ஒரு நாள் வேலைக்கான பதிவு) விழவில்லை என்று செக்ரோலை, அதாவது வேலைநாள் பதிவேட்டை, பார்த்துத் தோட்டக் காரியாலயம் கடிதம் தர வேண்டும். கைக்காசுக்கு வேலை செய்பவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் எடுப்பது நல்லது. அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்பது நம்மிடம் சர்வசாதாரணம். இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியை சமாதான நீதவானிடம் முதலிலேயே முடித்துவிட்டால் கடைசியில் வங்கிக்கணக்கில் சிக்கல் வராது.

விலாசமும் பெரிய தொல்லை. தோட்டப் பெயரும் பிரிவும் மட்டும் எழுதினால் கடிதம் காரியாலயத்திலேயே தங்கிவிடும். லய இலக்கம், அறை இலக்கம், கைப்பேசி எண் மூன்றும் எழுதவும்.

வழக்கில் தீர்ப்புக்குப் பின், தண்டனைக்கு முன், குற்றத்தால் நேர்ந்த பாதிப்பை மன்றில் எடுத்துரைக்கச் சந்தர்ப்பம் உண்டு. ரசீதுகளும் செக்ரோல் கடிதமும் அன்றைக்கு முன்னரே வழக்கு நடத்தும் உத்தியோகத்தரின் கையில் இருக்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து தரமாட்டார்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தவணையாகச் செலுத்தும்படி கட்டளையானால் திகதிகளை எழுதிவைத்து, தவறும் தவணையை உடனே மன்றுக்குத் தெரிவிக்கவும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பொலிஸுக்குக் கூடப்போக நியமிக்கப்பட வேண்டும். பஸ் காசும் போட்டோகொப்பிச் செலவும் சங்க நிதியிலிருந்து தனித் தலைப்பில் ஒதுக்கப்பட வேண்டும். இரண்டையும் சபையின் அனுமதிக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்