தாலி என்ற சொல்

தலவாக்கலை

அன்புள்ள மகளுக்கு,

தாலி என்றால் என்ன அர்த்தம், அதைக் கட்டித்தான் ஆகணுமா என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். கேட்கவேண்டிய கேள்விதான்.

பழைய பாட்டுகளில் அது பிள்ளைகள் கழுத்தில் கிடந்த காவல் அணி. குறுந்தொகை 161இல் ‘புலிப்பல் தாலி’ போட்ட மகனைத் தாய் அணைத்திருக்கிறாள். புறநானூறு 77இல், சின்ன வயதிலேயே போருக்கு வந்த பாண்டியன் நெடுஞ்செழியன் ‘தாலி களைந்தன்றும் இலனே’. குழந்தைத் தாலியை அவன் இன்னும் கழற்றவில்லையாம்! ஆண்பிள்ளை கழுத்தில் தாலி என்றதும் மாப்பிள்ளை சிரிப்பார், சொல்லிப் பார்.

தாலம் என்றால் பனை. ஓலையைச் சுருட்டிக் கட்டியதால் தாலி என்று ஒரு விளக்கம் உண்டு. நம்ம மலையில் பனை ஏது, கித்துள் மரம்தான்.

அகநானூறு 86இல் ஒரு கல்யாணமே நடக்கிறது. பந்தல், புதுமணல், விளக்கு, உளுந்து போட்ட களி, பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த தண்ணீரில் பெண்ணைக் குளிப்பாட்டுவது எல்லாம் வருகிறது. தாலி மட்டும் வரவில்லை. ஆக, கட்டினால் ஆசைக்குக் கட்டுங்கள், பயத்துக்கு வேண்டாம்.

கட்டுவதானால் மஞ்சள் கயிறே போதும். தங்கக் கொடிக்காகக் கடன் படாதே. ஒன்பது இழை வெள்ளை நூலை முறுக்கி, இரண்டு முழத்துக்குக் குறையாமல் எடுத்து, அரைத்த பச்சை மஞ்சளைத் தடவி நிழலில் காயவிட வேண்டும். இங்கே மூட்டத்தில் ஒரு நாளில் காயாது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று நாள் முந்தியே செய்யணும். மஞ்சள் அதிகமானால் கயிறு விறைத்து முடிச்சு வழுக்கும். அதனால் முடிச்சு விழுகிற இரண்டு முனையிலும் நாலு விரல் அகலம் லேசாகத்தான் தடவணும். முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார்.

பிறகு கொடி போட்டால், தாலி தொங்கும் வளையம்தான் முதலில் தேயும். வருஷத்துக்கு ஒருதரம் ஆசாரியிடம் காட்டு.

விவாகப் பதிவை மட்டும் தள்ளிப்போடாதே. வேலையிடத்துச் சேமலாப நிதிக்கோ பிள்ளையின் பிறப்புப் பதிவுக்கோ எந்தக் கந்தோருக்குப் போனாலும் கழுத்தைப் பார்க்க மாட்டார்கள், சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

கயிற்றில் கோக்கும் தாலிக் குண்டின் துளை எவ்வளவு என்று ஆசாரியிடம் கேட்டு எழுது. கயிறு நுழையாவிட்டால் மணவறையில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்த அளவு வந்ததும் நூலை முறுக்குகிறேன்.

அன்புடன்,
அம்மா