மூணு தீவு, ஒரு நாள், அப்புறம் உனக்கு ஒரு வேலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். நல்லபடியா வீடு வந்து சேந்துட்டோம்னு அப்பா போன்லயே சொல்லிட்டாங்க, ஆனா அவங்க சொன்னது அவ்ளோதான், "கப்பல்ல போனோம், நல்லா இருந்துச்சு, தயிர் கெட்டியா இருந்துச்சு"ன்னு கிரீஸ்ல ஒரே நாள்ல பாத்த மூணு தீவையும் ஒரே மூச்சுல முடிச்சிட்டாங்க. நான் சொல்ல ஆரம்பிச்சா நீ பாதியிலயே "அம்மா மீட்டிங்"னு வச்சிடுவ. அதான் உக்காந்து டைப் பண்றேன், நீ ட்ரெயின்ல போறப்ப படிச்சுக்கோ.

நீ வரலன்னு எனக்குக் கோவம் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். மூணு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டு கடைசி நேரத்துல ஆபீஸ்ல லீவு இல்லன்னா நீயும் என்னதான் பண்ணுவ. ஆனா கப்பல்ல ஏறுற எடத்துல ஒரு பொண்ணு லிஸ்ட்ட பாத்துட்டு மூணு பேராச்சே இன்னொருத்தர் எங்கன்னு கேட்டா பாரு, அப்பா உடனே அந்தப் பக்கம் திரும்பி கடலப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான்தான் "சன் ஆபீஸ்"னு சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு என்ன புரிஞ்சுதோ, ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு உள்ள போகச் சொல்லிட்டா.

காலைல ஆறே முக்காலுக்கு ஓட்டல் வாசல்ல வேன் வரும்னாங்க, அப்பா நாலரைக்கே குளிச்சு பேன்ட் சட்டை போட்டு கட்டில் நுனியில உக்காந்தாச்சு. ஏதென்ஸ்ல இருந்து கப்பல் எட்டு மணிக்குக் கெளம்புச்சு. மூணு தட்டு கப்பல், உலகத்துல இருக்குற எல்லா ஊர் சனமும் அதுக்குள்ள இருந்துச்சு. வாந்தி வரும்னு பயந்து எலுமிச்சம்பழம், இஞ்சி மொரப்பா எல்லாம் கைப்பைல வச்சிருந்தேன், ஒண்ணும் தேவப்படல. அது சரோனிக் வளைகுடாவாம், ஒரு பக்கம் ஏதென்ஸ் கரை, இன்னொரு பக்கம் பெலோபொனீஸ் கரை, நடுவுல இருக்குற கடல், அதனால பெரிய அலை கம்மி. ஜூலை ஆகஸ்ட்ல வடக்குல இருந்து மெல்தேமின்னு ஒரு காத்து அடிச்சு வாங்குமாம், நாங்க போனது செப்டம்பர்ங்கிறதால தப்பிச்சோம்.

மொதல் தீவு ஹைட்ரா, அவங்க வாயில இத்ரான்னு வருது. தம்பி, அந்த ஊர்ல காரு கெடையாது பைக்கு கெடையாது, சைக்கிள் கூட ஓட்டக் கூடாதாம்! குப்பை வண்டி, ஆம்புலன்ஸ் மாதிரி ரெண்டு மூணுதான் மோட்டார் வண்டி. மத்த எல்லாமே கோவேறு கழுதையும் கழுதையும்தான். கப்பல் நிக்கிற எடத்துலயே வரிசையா நிக்குது, ஒண்ணு மேல சிமெண்ட் மூட்டை, ஒண்ணு மேல யாரோ ஒரு வெள்ளக்காரம்மாவோட நாலு சூட்கேஸ், அது பாட்டுக்கு படி ஏறிப் போவுது. வண்டிச் சத்தம் இல்லன்னா ஒரு ஊர் எப்படி இருக்கும்னு நான் அன்னிக்குதான் பாத்தேன், குளம்புச் சத்தமும் தட்டுல ஸ்பூன் படுற சத்தமும் தெளிவா கேக்குது. நம்ம வீட்டுல கதவ சாத்தினாலும் பஸ் ஹாரன் அடுப்படி வரைக்கும் வருமே. ஒன்ன சின்ன வயசுல எத்தன தடவ கழுதன்னு திட்டியிருப்பேன், அத்தனையும் வாபஸ், அவ்ளோ பொறுமையான சீவன்.

வீடெல்லாம் மலையச் சுத்தி அரை வட்டமா, சாம்பக் கல்லுல பெரிய பெரிய வீடு, அதெல்லாம் அந்தக் காலத்து கப்பல் முதலாளிங்க கட்டினதாம். நெப்போலியன் சண்டை நடந்தப்ப இங்கிலீஷ்காரன் கடல மறிச்சு வச்சிருந்தானாம், இவங்க அதுக்குள்ள புகுந்து தானியம் கொண்டு போய் வித்து கொள்ளை காசு பாத்திருக்காங்க. அப்புறம் 1821-ல துருக்கிக்காரனுக்கு எதிரா சுதந்திரப் போர் வந்ததும் அதே கப்பல்ல பீரங்கி ஏத்திக்கிட்டு சண்டைக்குப் போயிட்டாங்க. மியாவுலிஸ்னு ஒரு கப்பல்காரர்தான் தளபதி, அவரு இந்த ஊர்க்காரராம். இன்னொரு வேடிக்க, இத்ராங்கிற பேரே தண்ணிங்கிற வார்த்தைலேர்ந்து வந்ததாம், ஆனா ஊர்ல தண்ணி கெடையாது! பழைய காலத்து ஊத்தெல்லாம் வத்திப் போயி ரொம்ப வருசம் கப்பல்லதான் குடிதண்ணி வந்துச்சாம், இப்ப கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்துறாங்களாம். அப்பாவுக்கு இதுதான் ரொம்பப் புடிச்சுது, மெட்ராஸ்ல தண்ணி லாரிக்கு க்யூவுல நின்ன கதைய பக்கத்துல நின்ன ஒரு கொரியாக்காரர்கிட்ட தமிழும் இங்கிலீஷுமா சொல்லிக்கிட்டே வந்தாங்க.

அங்க ஒரு கூத்து. பாத்ரூம் எங்கன்னு ஒரு காபிக் கடையில கேட்டேன், அவரு "நே, நே"ங்கிறாரு. சரி, கூடாதுங்கிறார்னு மொகம் சுருங்கி வெளிய வந்துட்டேன். இன்னொரு கடை, அங்கயும் "நே". அப்புறம்தான் கைடு சொல்றாங்க, கிரீக்ல நே-ன்னா ஆமாவாம், இல்லன்னா ஓஹி. உள்ள வாம்மா வாம்மான்னு கூப்ட்ருக்காங்க, நான் ரெண்டு கடையிலயும் கோவிச்சுட்டு வந்திருக்கேன்.

அந்த ஊர்ல இன்னும் மேல போய்ப் பாக்கலாம்னு கால் எடுத்து வைக்கிறேன், ஒன்றரை மணி நேரம் முடிஞ்சுதுன்னு கப்பல்ல சங்கு ஊதிட்டான். அப்பதான் எனக்கு ஒறைச்சுது. நம்ம தெருவுல நவக்கிரக டூர் வேன் வந்து நிக்குமே, ஒரே நாள்ல ஒம்போது கோயில், எறங்கி ஓடுவாங்க, சாமி மொகத்தக் கூட சரியா பாக்காம வெளக்கு ஏத்திட்டு ஓடியாந்து ஏறுவாங்க, திண்ணைல உக்காந்து நான் எத்தன சிரிப்பு சிரிச்சிருப்பேன். இப்ப நானும் அதே வேன்ல. நீ மட்டும் என்னவாம், போன தை மாசம் வந்தப்ப பன்னெண்டு நாள்ல மெட்ராஸ் ஒரு கல்யாணம், பெங்களூர் ஃப்ரெண்டு, கோயமுத்தூர் ஃப்ரெண்டு, நம்ம வீட்டுல நாலு ராத்திரி. எண்ணினேன்னு நினைக்காத, நான் எண்ணல, பாயச் சுருட்டி வைக்கிறவளுக்குத் தெரியாதா.

ரெண்டாவது போரோஸ். இதுல எறங்கினது நாப்பது நிமிஷம், எறங்காமலே இருந்திருக்கலாம், ஏன்னா கப்பல்ல இருந்து பாக்கறதுதான் அழகு. தீவுக்கும் எதிர் கரைக்கும் நடுவுல ஒரு வாய்க்கால் மாதிரி ஒடுங்கின கடல், அதுல கப்பல் மெதுவா நுழையறப்ப ரெண்டு பக்கத்து வீட்டுலயும் மாடில காயிற துணி கூடத் தெரியுது. மேல ஒரு மணிக்கூண்டு. அப்பா ஒரு ஐஸ்கிரீம் சாப்ட்டாங்க, சுகர் மாத்திரை போட்டாச்சான்னு நான் கேட்டேன், அதோட போரோஸ் முடிஞ்சுது.

ஆனா அங்க கைடு சொன்ன ஒரு கதை ஒனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு. டெமாஸ்தெனிஸ்னு அந்தக் காலத்துல பெரிய பேச்சாளர், ஏதென்ஸ்காரர். சின்ன வயசுல அவருக்குப் பேச்சு திக்குமாம், அதுலயும் "ர" வரவே வராதாம். வாயில கூழாங்கல்லப் போட்டுக்கிட்டு பேசிப் பேசிப் பழகினாருன்னு கதை. கடைசியில மாசிடோனியாக்காரங்க தொரத்தி வந்தப்ப இந்தத் தீவுல பொசைடன்ங்கிற கடல் தெய்வத்தோட கோயிலுக்குள்ள போய் ஒளிஞ்சு, புடிக்க ஆள் வந்ததும் வெஷம் குடிச்சு செத்துப் போனார், கி.மு. 322-ல. எல்லாரும் உச்சுக் கொட்டிக் கேட்டுட்டு இருக்காங்க, எனக்கு மட்டும் "லாமன் லாவணனக் கொன்னான்"னு நீ ஒண்ணாங்கிளாஸ்ல சொன்னது ஞாபகம் வந்து சிரிப்பு தாங்கல. ஒங்க ஆச்சி தினமும் வசம்பச் சுட்டு உன் நாக்குல தடவி விடுவாங்க, நீ எட்டி ஒதைப்ப. இப்ப பாரு, ஜெர்மனிக்குப் போயி மியூனிக்ல பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஜெர்மன்ல பேசறப்ப தொண்டைலேர்ந்து "ர்ர்"ருன்னு உருட்டுற. ஆச்சி இருந்திருந்தா எல்லாம் என் வசம்புன்னு சொல்லியிருப்பாங்க.

மத்தியானம் கப்பல்லயே சாப்பாடு, பஃபே. வெள்ளரிக்காயத் துருவி கெட்டித் தயிர்ல போட்டு பூண்டு சேத்து ஒண்ணு வச்சிருந்தாங்க, ட்சாட்சிக்கியாம், நம்ம தயிர்ப் பச்சடிதான், தாளிக்க மட்டும் மறந்துட்டாங்க. திராட்சை எலைல சாதத்த மடிச்சு சுருட்டி வச்சது எனக்குப் புடிச்சுது. அப்புறம் மேல்தட்டுல பாட்டு டான்ஸ். எல்லாரும் தோள்ல கையப் போட்டுக்கிட்டு வரிசையா ஆடுறாங்க, சிர்டாகின்னு பேரு, ஒங்கப்பாவையும் இழுத்துட்டுப் போயிட்டாங்க, சொன்னா நம்ப மாட்ட, ஆடினாங்க! ஆயிரம் வருசத்து நடனமாக்கும்னு நான் பயபக்தியோட பாத்துக்கிட்டு இருக்கேன், கைடு வந்து, இது பழைய ஆட்டமெல்லாம் இல்லம்மா, 1964-ல ஒரு சினிமாவுக்காக உருவாக்கினதுங்கிறாங்க. "அப்ப அது எனக்கு தம்பி"ன்னாங்க அப்பா, மூச்சு வாங்கிக்கிட்டே.

இப்ப விஷயத்துக்கு வரேன். மூணாவது தீவு ஏஜினா. அங்க தனியா காசு கட்டி பஸ்ல மலை மேல கோயிலுக்குப் போனோம், அஃபையாங்கிற பெண் தெய்வம். சுத்தி பைன் மரம், கீழ கடல், நடுவுல கோயில், கி.மு. 500 வாக்குல கட்டினது. 32 தூண்ல 25 இன்னும் நிக்குதாம். அந்த அம்மனுக்கு வேற ஊர்ல கோயிலே கெடையாதாம், இந்தத் தீவுல மட்டும்தான். கதையக் கேளு. கிரீட்ங்கிற தீவோட ராஜா ஒரு பொண்ணத் தொரத்துறான், அவ தப்பிச்சு கடல்ல குதிச்சிடுறா, மீன்காரங்க வலைல மாட்டி இந்தத் தீவுக்கு வரா, வந்த எடத்துல படகுக்காரன் ஒருத்தன் கெட்ட எண்ணத்தோட வரான், அவ தோப்புக்குள்ள ஓடி அப்படியே மறைஞ்சு போயிடுறா. அஃபையான்னா கண்ணுக்குத் தெரியாதவன்னு அர்த்தம் சொல்றாங்க. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு தம்பி. நம்ம பக்கம் எத்தன கன்னியம்மன் கதை இப்படியே இருக்கு, ஆம்பள தொரத்துவான், பொண்ணு கெணத்துலயோ தீயிலயோ மறைவா, பின்னாடி ஊரே அவளுக்குப் பொங்க வைக்கும். செருப்பக் கழட்டிட்டேன். அங்க யாரும் கழட்டல, அப்பா கூட "கல்லு குத்தும்டி"ன்னாங்க. நான் கழட்டிட்டேன்.

கோயிலுக்கு மேல முன்னாடி பின்னாடி ரெண்டு முக்கோணம் மாதிரி எடம் இருந்துச்சாம், அது நெறைய சிலை, ட்ராய்ங்கிற ஊர்ல நடந்த புராணச் சண்டை, நடுவுல அதீனாங்கிற பெண் தெய்வம். வெள்ளக் கல்லா இல்ல, நம்ம கோபுரத்து பொம்மை மாதிரி செவப்பும் நீலமுமா கலர் அடிச்சு நிறுத்தியிருந்தாங்களாம். இப்ப மேல ஒண்ணும் இல்ல, வெறும் ஆகாசம். சிலையெல்லாம் எங்கன்னு நான் கேக்குறேன், கைடு என்ன சொன்னாங்க தெரியுமா? "மியூனிக்"!

1811-ல இங்கிலீஷ்காரங்களும் ஜெர்மன்காரங்களுமா சில பேர் வந்து தோண்டி எடுத்து, அப்ப இந்த ஊர் துருக்கி ஆட்சில இருந்துச்சு, ஊர்க்காரங்களுக்கு ஏதோ கொஞ்சம் காசு குடுத்துட்டு தூக்கிட்டுப் போயி ஏலம் விட்ருக்காங்க. எடுத்தது ஒங்க மியூனிக் இருக்குற பவேரியாவோட இளவரசர் லுட்விக், பின்னாடி ராஜா ஆனவர். அதுக்குன்னே ஒரு மியூசியம் கட்டி 1830-ல தெறந்தாங்களாம், கிளிப்டோடேக்னு பேரு, கோனிக்ஸ்பிளாட்ஸ்ல. எனக்கு வாயில நுழையல, ஒனக்கு நுழையும். ஒன்னோட ஒரு மாசம் இருந்தோம், மூணு மால் காட்டின, கார் கம்பெனி மியூசியம் காட்டின, அங்கயும் அப்பா மட்டும்தான் வாயப் பொளந்து பாத்தாங்க, இதக் காட்டணும்னு தோணலியே ஒனக்கு. ஆறு வருசமா அந்த ஊர்ல இருக்க, நீயே பாத்திருக்க மாட்டன்னு நெனைக்கிறேன்.

திருடினதா வாங்கினதான்னு பஸ்ல ரெண்டு பேருக்குள்ள வாக்குவாதம். அப்பா பேங்க்காரங்க இல்லியா, ஏலத்துல எடுத்தா ரசீது இருக்கும், ரசீது இருந்தா அவன்துதான்னு சொல்லிட்டாங்க. எனக்கு அது ஒப்பல. வித்தவனுக்கு அது சொந்தமான்னு யாரு கேட்டா? நம்ம ஸ்ரீபுரந்தான் கோயில்லேர்ந்து திருடு போன நடராஜர் ஆஸ்திரேலியா மியூசியத்துல போய் நின்னாரே, 2014-ல திரும்பி வந்தாரே, அவருக்கும் ஒருத்தன் காசு குடுத்துதான வாங்கினான்.

இதுக்கு மேல ஒரு சங்கதி. அந்த லுட்விக்கோட பையன் ஓட்டோவத்தான் சுதந்திரம் வாங்கின கிரீஸுக்கு மொத ராஜாவா அனுப்பியிருக்காங்க. 1833-ல வந்து எறங்கறப்ப 17 வயசு. அப்பா சிலைய எடுத்துட்டுப் போயிட்டு மகன அனுப்பி வச்சிருக்காரு. கிட்டத்தட்ட முப்பது வருசம் இருந்துட்டு 1862-ல ஊர்ப் பொல்லாப்புல தொரத்தி விட்டாங்க, பவேரியாவுக்கே திரும்பிப் போயும் கிரீக் உடுப்பத்தான் போட்டுக்கிட்டு இருந்தாராம். அவங்க அம்மாவ நெனச்சேன். 17 வயசு. ஒன்ன நான் அனுப்பறப்ப 23, அதுக்கே ஒரு வாரம் சோறு எறங்கல.

எறங்கி வர வழில பிஸ்தா வாங்கினோம். அந்தத் தீவு பிஸ்தாவுக்குப் பேர் போனது, செப்டம்பர் அறுவடை சமயம், மேல்தோல் ரோஸ் கலர்ல பச்சையாவே கூட விக்கிறாங்க. கிலோ என்ன விலைன்னு அப்பாகிட்ட நான் சொல்லல, நீயும் கேக்காத. அப்பா ஒரு கடையில ஆமை போட்ட வெள்ளிக் காசு வாங்கிட்டாங்க, டூப்ளிகேட்தான். கிரீஸ்லயே மொத மொதல்ல காசு அடிச்ச எடத்துல இந்தத் தீவும் ஒண்ணாம், ரெண்டாயிரத்தி ஐநூறு வருசத்துக்கு முன்னாடி, அதுல ஆமைதான் முத்திரை. முப்பத்தஞ்சு வருசம் காசு எண்ணின மனுஷன், இத எண்ணவே மாட்டேங்குறாங்க, சட்டைப் பைலயே வச்சிருக்காங்க.

ஏழு ஏழரைக்குக் கரைக்கு வந்தாச்சு, மறுநாள் துபாய் வழியா வீடு. திரும்ப மியூனிக் வழியா வந்திருந்தா ஒரு எட்டு பாத்திருப்பேன், டிக்கெட் அப்படிப் போட்டாச்சு.

அதனால நீ போற. இந்த ஞாயித்துக்கிழமையே போ. அங்க ஒரு சிலை இருக்காம், அடிபட்டு விழுந்த வீரன், கேடயத்துல கைய மாட்டிக்கிட்டு எந்திரிக்கப் பாக்குற மாதிரி, கிழக்குப் பக்கத்து மூலைல இருந்தவன். அவன் முன்னாடி கொஞ்ச நேரம் நில்லு, வேன் டூர் மாதிரி ஓடாத. அம்மா ஒங்க மலைக்குப் போயிருந்தேன், தூணெல்லாம் நல்லாதான் நிக்குதுன்னு மனசுக்குள்ள சொல்லிடு. போட்டோ அனுப்பாத, போட்டோ கூகுள்லயே இருக்கு. போன் பண்ணி சொல்லு, மீட்டிங் இல்லாத நேரமா பாத்து.

ஒனக்குன்னு எடுத்து வச்ச பிஸ்தா டப்பாவ அப்பா நேத்தே தெறந்துட்டாங்க. பொங்கலுக்கு நீ வந்தா மிச்சம் இருக்கும்னு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது.

அம்மா