எல்பிரிட்ஜ் கெர்ரி: ஒரு சொல்லுக்குள் சிக்கிய பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஆளுங்கட்சிகள் தேர்தல் தொகுதிகளின் எல்லைகளைத் தமக்குச் சாதகமாக மாற்றியமைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், 'ஜெர்ரிமாண்டரிங்' என்ற சொல் பிறந்த கதை இரண்டே வரிகளில் சொல்லப்பட்டிருந்தது. மாசச்சூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெர்ரி தம் பதவியைத் தக்கவைத்துக்கொள்ள 1812-இல் கண்டுபிடித்த தந்திரம் அது என்பது அவ்வரிகளின் சாரம். அதில் பிழைகள் இருப்பதாலும், அந்த மனிதரின் நீண்ட பொதுவாழ்வு அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுப்போனது எனக்கு நெடுநாள் வருத்தம் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

அவருடைய குடும்பப் பெயர் ஜெர்ரி அன்று, கெர்ரி. 'கங்கை' என்பதன் முதலெழுத்தை எப்படி ஒலிக்கிறோமோ அப்படி ஒலிக்க வேண்டும். சொல் பரவிய பிறகு அமெரிக்கர்களே ஜகர ஒலிக்கு மாறிவிட்டதால், சொல்லை அவ்வாறு எழுதுவதில் குற்றமில்லை. மனிதரின் பெயரையாவது விட்டுவைக்கலாம்.

அடுத்து, பதவியைக் காப்பாற்றிக்கொள்ள என்பது பொருந்தவே பொருந்தாது. 1812 பிப்ரவரியில் அவர் கையெழுத்திட்ட சட்டம் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்கான தொகுதிகளை மட்டுமே மாற்றியது. ஆளுநரையோ மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. எல்லைக்கோடுகளை எப்படி வளைத்தாலும் அவருக்கு அதனால் ஒரு வாக்குகூடக் கூடியிருக்காது. அந்த ஏப்ரலில் நடந்த தேர்தலில் அவரது கட்சி, எதிரணியான ஃபெடரலிஸ்டுகளைவிடக் குறைந்த வாக்குகள் பெற்றும் செனட்டின் 40 இடங்களில் 29-ஐப் பிடித்தது. அவரோ ஃபெடரலிஸ்ட் வேட்பாளர் கேலப் ஸ்ட்ராங்கிடம் தோற்று வீடு திரும்பினார். வரைபடத்தை வகுத்தவர்கள் சட்டமன்றத்தில் இருந்த அவரது கட்சியினர். அவருக்கு அதில் விருப்பமில்லை என்று அவருடைய மருமகன் பிற்காலத்தில் எழுதினார். மருமகன் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம். விருப்பமில்லாதவர் கையெழுத்திடாமல் இருந்திருக்கலாமே என்ற கேள்விக்கு என்னிடமும் பதிலில்லை. இத்தகைய உத்தியும் அவரோடு தொடங்கியதன்று. பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மேடிசனைத் தோற்கடிப்பதற்காகவே வர்ஜீனியாவில் ஒரு தொகுதி வகுக்கப்பட்டது என்று அம்மாநிலத் தலைவர் பேட்ரிக் ஹென்றியின் மீது 1788-லேயே குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது.

பாஸ்டன் கெசட் இதழ் 1812 மார்ச் 26 அன்று வெளியிட்ட கேலிச்சித்திரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். எசெக்ஸ் மாவட்டத்தை வளைத்துச் செல்லும் தொகுதிக்கு நகங்களும் சிறகுகளும் பல்லும் ஒட்டவைத்து, சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் பெயரோடு ஆளுநரின் பெயரைக் கோத்துவிட்டார்கள். அந்தப் பிராணியின் உடலில் எழுதப்பட்ட ஊர்ப் பெயர்களில் மார்பிள்ஹெட்டும் ஒன்று. கெர்ரி 1744-இல் பிறந்த ஊர் அது.

காட் மீனை உலர்த்திக் கப்பலேற்றும் வணிகக் குடும்பம் அவருடையது. ஹார்வர்டில் படித்துவிட்டுத் தொழிலுக்கு வந்தவரை, விடுதலை இயக்கத் தலைவர் சாமுவேல் ஆடம்ஸின் நட்பு அரசியலுக்குள் இழுத்தது. பிரிட்டனுக்கு எதிரான போருக்கு வெடிமருந்தும் தளவாடங்களும் சேகரிக்கும் குழுவில் இருந்த அவர், 1775 ஏப்ரல் 18 இரவு மெனோட்டமி என்ற ஊரின் விடுதியில் தங்கியிருந்தபோது, லெக்சிங்டனை நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் படையின் ஒரு பிரிவு விடுதியைச் சோதனையிட வந்தது. தோழர்கள் இருவருடன் இரவு உடையிலேயே பின்பக்கமாக ஓடி, அறுவடை முடிந்து தட்டைகள் மட்டும் நின்ற மக்காச்சோள வயலில், குளிரில் படுத்துக் கிடந்து தப்பினார். அவர்களில் ஜெரமையா லீ சில வாரங்களில் காய்ச்சலில் இறந்துபோனார். மறு ஆண்டு சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் கெர்ரியும் ஒருவர்.

கையெழுத்திடாத சந்தர்ப்பம்தான் என் பார்வையில் அவருடைய வாழ்வின் உச்சம். 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியல் சாசனம் உருவானபோது, பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் இடையே சமரசம் கண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவரே அவர். அப்படியிருந்தும், குடிமக்களின் உரிமைகளைப் பட்டியலிடும் பகுதி வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானத்தை அங்கிருந்த மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்காத நிலையில், செப்டம்பர் 17 அன்று வர்ஜீனியாவின் பிரதிநிதிகளான மேசன், ராண்டால்ஃப் ஆகியோரோடு சேர்ந்து கையொப்பமிட மறுத்துவிட்டார். நான்கே ஆண்டுகளில், 1791 டிசம்பரில், முதல் பத்துத் திருத்தங்களாக அந்த உரிமைகள் சாசனத்தில் சேர்ந்தன. அவரை மக்களாட்சியின் காவலர் என்று தூக்கிப் பிடிக்கவும் முடியாது. அளவுமீறிய மக்களாட்சியே நாட்டின் கேடுகளுக்குக் காரணம் என்று அதே மன்றத்தில் பேசியவர் அவர்.

1797-இல் பாரிசுக்குச் சென்ற அமெரிக்க மூவர் தூதுக்குழுவிடம் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் டாலிராண்டின் ஆட்கள் 50,000 பவுண்டு லஞ்சம் கேட்டபோது, மற்ற இருவரும் மறு ஆண்டு வெளியேற, தானும் கிளம்பினால் போர் மூளும் என்று அஞ்சிக் கெர்ரி மட்டும் சில மாதங்கள் தங்கினார். அதற்காக ஃபெடரலிஸ்டுகள் அவரைப் பிரான்சின் கையாள் என்றே தூற்றினார்கள்.

துணை அதிபர் நாட்டின் செனட்டுக்குத் தலைமை வகிப்பது தகாது, அதிபரையே சட்டமன்றத்தின் தலையில் உட்காரவைப்பதற்கு அது சமம் என்று 1787-இல் வாதிட்டவரும் இவரே. 1813-இல் மேடிசனின் துணை அதிபராக அதே நாற்காலியில் அமர்ந்தார். 1814 நவம்பர் 23 அன்று, செனட்டுக்குச் செல்லும் வழியில் வண்டியிலேயே உயிர் பிரிந்தது. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் தலைநகர் வாஷிங்டனில் அடக்கம் செய்யப்பட்டவர் அவர் ஒருவரே.

தாங்கள் திருத்தம் வெளியிடுவதானால் ஒரு வரி போதும்: 1812-ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுத்தவர் என்பதற்குப் பதிலாக, அதில் கையெழுத்திட்ட ஆளுநர் கெர்ரி என்று குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்